கேட்டதுக்கு மட்டும்

என் மனுசன் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இதை முதலே எழுதிவிடுகிறேன். கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் அவரைத் தெரிந்த எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். நான் மறுக்கமாட்டேன். பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தேன். அவர் வாயிலிருந்து ஒரு பொய் நான் கேட்டதில்லை.

அவருடைய தொழில் கலியாணம் பேசுவது. தரகர் என்று சொன்னால் பிடிக்காது. "நான் ரெண்டு குடும்பத்தைச் சந்திக்க வைக்கிறன், அவ்வளவுதான்" என்பார். ஒரு நீலத் தோள்பை வைத்திருந்தார். அதற்குள் ஃபைல். ஃபைலுக்குள் பொடியன்களின் சாதகக் குறிப்பும் பெண்பிள்ளைகளின் குறிப்பும், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். படங்கள் தனியாக. ஒரு தாள் மடங்கினாலும் அவருக்கு மனம் பொறுக்காது.

சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். குடிக்கமாட்டார். சீனி இல்லாத ரீ. யாராவது கேள்வி கேட்டால் கண்ணாடியைக் கழற்றி, சேட்டின் நுனியால் துடைப்பார். மெதுவாகத் துடைப்பார். துடைத்து முடிவதற்குள் பாதிப் பேர் வேறு கேள்விக்குப் போய்விடுவார்கள். போகாதவர்களுக்குப் பதில் சொல்வார். கேட்டதுக்கு மட்டும்.

என்னைக் கட்டியதும் அப்படித்தான். நான் கிளிநொச்சியில் இருந்தேன். என் அண்ணன்தான் போனில் அவரோடு கதைத்தார். வேலை என்ன, சிற்றிசனோ, குடிப்பாரோ, முதல் கலியாணம் ஏதும் உண்டோ. எல்லாவற்றுக்கும் உண்மையான பதில். பியர்சன் ஏர்ப்போட்டில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். இரண்டு அறை அப்பார்ட்மென்ற். ஒரு அறையில் அவருடைய தகப்பன் படுக்கையில் கிடந்தார். பாரிசவாதம். ஒரு பக்கம் முழுக்க விழுந்துபோயிருந்தது.

"உதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"ஆர் கேட்டது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காத ஆளைப்போலச் சொன்னார்.

நாலு வருடம் கிழவரைக் கழுவித் துடைத்தேன். கிழவர் பாவம். அவரில் எனக்குக் கோபம் இல்லை.

பிறகு ஒரு முறை தன் பழைய வானை விற்றார். கீழ்மாடியில் இருந்த ஒரு அண்ணை வாங்கினார். எஞ்சினைக் கேட்டார், ரயரைக் கேட்டார், ஹீற்றரைக் கேட்டார், அக்சிடென்ற் பட்டதோ என்று கேட்டார். அடுத்த நாள் பார்க்கிங்கில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார்.

"அண்ணை, பின் கதவு திறக்குதில்லை."

"ஓம். அது ரெண்டு வருசமாத் திறக்கிறேல்லை" என்றார் இவர் பல்கனியில் நின்று.

"சொல்லியிருக்கலாமே அண்ணை."

"நீங்கள் கேட்டிருக்கலாமே."

அந்த அண்ணை முன் கதவால் ஏறி, பின்னால் கிடந்த அரிசி மூட்டையைச் சீற்றுக்கு மேலால் இழுத்தார். பல்கனிகளில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு எனக்கு எரிகிறது.

நான் ஒரு பிஸ்கட் பாக்டரியில் பாக்கிங் வேலை. எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவ என்னைவிடப் பத்து வயது மூத்தவ. அவவுக்கு ஒரே மகன். கம்பியூட்டர் வேலை, நல்ல உயரம், நல்ல கார். என் மனுசனிடம் மகனின் குறிப்பைக் கொடுத்திருந்தா.

எங்கள் வேலையில் ஒரு சட்டம். லைனுக்குள் போக முன்னம் கையை முழங்கை வரைக்கும் கழுவவேண்டும். சுப்பவைசர் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு நாள் அவ சட்டைக் கையைச் சுருட்டாமல் நின்றா. சுப்பவைசர் சத்தம் போட்டான். சுருட்டினா. இரண்டு கையிலும் விரல் பதிந்த அடையாளம். நாலு விரல், கறுத்து.

"கதவிலை இடிச்சுப்போட்டன்" என்றா.

கதவுக்கு விரல் இல்லை. சாப்பாட்டு நேரம் வாஷ்றூமுக்குள் அவவாகவே சொன்னா. "மகனுக்குக் கோவம் வந்தால் கை நிக்காது. பிறகு வந்து அழுவான். ஒருத்தி வந்தால் திருந்துவான்." முகத்தைக் கழுவிக்கொண்டு லைனுக்குப் போய்விட்டா.

அன்றைக்குப் பின்னேரம் என் மனுசனிடம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். "அப்பிடியோ" என்றார். அந்தக் குறிப்பை ஃபைலிலிருந்து எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் மார்கழி முடிந்து தை பிறந்ததும் அவர் ஐரோப்பாவுக்குப் போவார். மார்கழியில் ஒருத்தரும் கலியாணம் பேசமாட்டார்கள். கோடையில் இங்கே ஹோல் ஹோலாகக் கலியாணம், அவருக்கு நேரம் இல்லை. அதனால் குளிரில்தான் பயணம். என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஆசையில் இல்லை. தனி ஆம்பிளையை வீட்டுக்குள் இருத்திக் குமர்ப்பிள்ளையைக் காட்டமாட்டார்கள். மனுசியோடு போனால் குடும்பமாக வந்திருக்கினம் என்று கதவு திறக்கும். நான் அதற்குத்தான். பாக்டரியில் சம்பளம் இல்லாத லீவு எடுத்துக்கொண்டு போவேன்.

கட்டாயம் ஒரு விசயம் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போவார்.

"குசினிக்குள்ளை உம்மை விசாரிப்பினம். கேட்டதுக்கு மட்டும் சொல்லும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பொய் மட்டும் சொல்லாதையும்."

பாரிஸைப் பற்றி என்னிடம் கேட்காதேங்கோ. நான் கண்டது ஸ்ரேசனும் மாடிப்படியும்தான். ஒரு நாளைக்கு மூன்று வீடு. ஒவ்வொரு வாசலிலும் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கவேண்டும், திரும்பக் கட்டவேண்டும். காலில் போட்ட மேசு எப்போதும் ஈரம். ஒவ்வொரு வீட்டிலும் ரீ, ரோல்ஸ், கேக். வேண்டாம் என்றால் கோவிப்பினம். இரவு வயிறு கல்லாக இருக்கும்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்விகள். என்ன ஊர். என்ன வேலை. சொந்த வீடோ. என்ன உயரம், என்ன நிறம். குடியோ. வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவாரோ. ஒரு தாய் தன் மகளின் நிறத்தைவிடக் குறைவோ என்று கேட்டா. "ஓம், கொஞ்சம் குறைவு" என்றார் இவர். அந்தத் தாய் இவரைக் கும்பிடாத குறை. "மற்ற ஆக்கள் எண்டால் வெள்ளை எண்டு சொல்லியிருப்பினம். அண்ணையிட்டைப் பொய் இல்லை."

இவர் ரீயைக் குடித்தார்.

நான் சொல்லவந்தது ஜேர்மனியில் நடந்தது. டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். தகப்பன் இல்லாத வீடு. தாயும் ஒரு மகளும். மகள் வயதுபோனவர்களைப் பராமரிக்கிற இடத்தில் வேலை. அன்றைக்கு அவளுக்கு லீவு இல்லை, இரண்டு மணித்தியாலம் கேட்டு வந்திருந்தாள். வேலைச் சட்டையோடேயே இருந்தாள். தாய் சாறி உடுத்தச் சொல்லியிருப்பா. அவள் உடுக்கவில்லை. அதைக் கண்டதும் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

இவர் ஃபைலைத் திறந்தார். பாக்டரிக்காரியின் மகனுடைய குறிப்பை எடுத்து மேசையில் வைத்தார். படத்தையும் வைத்தார். நான் ரீக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

தாய் கேட்டா. எல்லாம் கேட்டா.

"குடியோ அண்ணை?"

"இல்லை. தொடமாட்டான்."

"சிகரெட்?"

"இல்லை."

"முந்தி ஆரோடையும் பழக்கமோ?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

"வீட்டுக்கு உதவியோ?"

"வீட்டு லோன் அவன்தான் கட்டுறான். தாயையும் தன்னோடைதான் வைச்சிருக்கிறான்."

எல்லாம் உண்மை. ஒரு சொல்லும் பிழை இல்லை. தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

"தாயை விடாமல் வைச்சிருக்கிற பிள்ளை எண்டால் எனக்கு வேறை ஒண்டும் கேக்க இல்லை" என்றா.

அவ்வளவுதான். கேட்டு முடிந்தது.

வெளிக்கிடும்போது தாய் பயணத்துக்குப் பாண் சுற்றித் தரக் குசினிக்குள் போனா. நான் வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டினேன். அந்தப் பிள்ளை என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு எனக்குப் பக்கத்தில் அவளும் குந்தினாள். மெதுவாகக் கேட்டாள்.

"அன்ரி, நீங்கள் அவரை நேரை கண்டிருக்கிறீங்களோ?"

"ஓம்."

"நல்லவரோ?"

அவளுடைய தமிழ் மற்ற வீட்டுப் பிள்ளைகளின் தமிழைவிடத் தெளிவு. என் வாய் திறந்தது. இவர் சப்பாத்தைப் போட்டு முடித்துக் கதவடியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லவர் கெட்டவர் எண்டு நாங்கள் ஆரம்மா சொல்ல? நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சுப் பாருங்கோ" என்றார்.

இதுவும் பொய் இல்லை. நான் கயிற்றை முடிந்தேன். கோட்டை வாங்கிப் போட்டேன். வந்துவிட்டேன்.

றெயிலில் ஏறினோம். வெளியே எல்லாம் வெள்ளை. பிறகு கேட்டேன்.

"அவள் கேட்டவளெல்லோ?"

"என்னையோ கேட்டவள்? உம்மைத்தானே கேட்டவள். நீர் ஏன் சொல்லேல்லை?"

அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். அந்தத் தாய் சுற்றித் தந்த பாணை எடுத்து அவர் முகத்தில் எறிந்திருக்கவேண்டும். மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த வீடு சுவிஸில். சூரிச்சில் றெயில் மாறவேண்டும். அடுத்த றெயிலுக்கு இருபது நிமிடம்.

"அந்த வீட்டு நம்பரைத் தாங்கோ" என்றேன். "போனையும் தாங்கோ."

தரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பையைத் திறந்தார். ஃபைலை எடுத்தார். நம்பரைப் பார்த்து ஒரு துண்டில் எழுதித் தந்தார். போனையும் தந்தார். என்னத்துக்கு என்று கேட்கவில்லை. அவரும் கேட்கமாட்டார், பாருங்கோ. கேட்டால் தெரிந்துபோய்விடும்.

பிளாட்போம் முடிகிற தொங்கலுக்கு நடந்தேன். அங்கே ஆட்கள் இல்லை. இரண்டு தரம் பிழையாக அமத்தி மூன்றாம் தரம் மணி அடித்தது. மகள்தான் எடுத்தாள். வேலை முடிந்து வந்திருந்தாள் போலிருக்கிறது.

"அன்ரியோ? ஏதும் விட்டிட்டுப் போனீங்களோ?"

"பிள்ளை, அவன் தாய்க்கு அடிக்கிறவன்."

பின்னால் தாய் யார் யார் என்று கேட்பது கேட்டது.

"நீங்கள் கண்டனீங்களோ அன்ரி?"

"கையைக் கண்டன். தாய் தன்ரை வாயாலை சொன்னவ."

"அங்கிளுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அம்மா அவரிட்டை எவ்வளவு கேட்டவ."

"ஓம். இதைக் கேக்கேல்லை."

அவள் ஜேர்மன் மொழியில் ஏதோ சொன்னாள். எனக்குச் சொன்னதல்ல. பிறகு "தாங்ஸ் அன்ரி" என்று வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தேன். அவர் பிளாட்போம் வாங்கில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். போனைக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்தார்.

"அங்காலை ஸ்ரேசனுக்கு வீட்டுக்காரர் காரோடை வருவினம். தலை கலைஞ்சிருக்கு, சீப்பாலை இழுத்துக்கொள்ளும்" என்றார்.

கனடாவுக்கு வந்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பாக்டரிக்காரி எங்கள் வீட்டுக்கு வந்தா. கோட்டைக் கழற்றவில்லை. கதிரையிலும் இருக்கவில்லை.

"அண்ணை, ஜேர்மன்காரர் முதல் ஓம் எண்டவை. ஏன் பிறகு வேண்டாம் எண்டவை?"

இவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் குசினி வாசலில் நின்றேன். துடையும், துடையும் என்று மனதுக்குள் சொன்னேன். எத்தனை பேரின் கேள்வியைத் துடைத்துத் துடைத்தே சாகடித்தவர். அன்றைக்கு ஒரு நாள் துடைத்திருக்கலாம்.

ஒரு தரம்தான் துடைத்தார். கண்ணாடியைப் போட்டார்.

"இவ போன் எடுத்துச் சொன்னவ. சூரிச் ஸ்ரேசனிலை நிண்டு. உங்கடை மகன் உங்களுக்கு அடிக்கிறவர் எண்டு. நம்பர் நான்தான் குடுத்தனான். கேட்டவ."

யாரும் கேட்காத ஸ்ரேசனையும் சொன்னார். யாரும் கேட்காத நம்பரையும் சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் அவர் கேட்டதுக்கு மேலே பதில் சொன்னது அந்த ஒரு முறைதான்.

அவ என்னைப் பார்த்தா.

"உமக்கு நான் என்ன செய்தனான்?"

நான் ஒரு கதிரையை அவ பக்கம் தள்ளினேன்.

"மனம் தாங்காமல் அழுது சொன்னதை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறீர். என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டீர். ஒருத்தி வந்தால் அவன் திருந்தியிருப்பான்."

"ஆருக்கு அடிச்சுத் திருந்துறது?" என்று கேட்டேன்.

அவ அடிக்க வந்தா என்றுதான் நினைத்தேன். வரவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டிட்டுப் போனா. லிஃப்ற் வர நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அவ அங்கே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா.

கதவைச் சாத்திவிட்டு அவரிடம் கேட்டேன். "ஏன் சொன்னனீங்கள்?"

"கேட்டவ. என்னைப் பொய் சொல்லச் சொல்லுறீரோ?"

அன்றைக்கு எனக்கு விளங்கியது. இந்த ஆளின் உண்மையால் ஒருநாளும் ஒருத்தருக்கும் நன்மை வந்ததில்லை. வாயைத் திறக்கவேண்டிய இடத்தில் மூடினார். மூடவேண்டிய இடத்தில் திறந்தார். இரண்டிலும் தன் பெயர் பழுதாகாமல் பார்த்துக்கொண்டார்.

அந்தக் கிழமையே மில்லிக்கன் பக்கம் ஒரு பேஸ்மென்ற் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். இரண்டு அறை. அவர் என்னைத் தடுக்கவில்லை. பெட்டி தூக்க உதவினார். ஏன் போகிறீர் என்று கேட்கவில்லை. இப்போது ஐரோப்பாவுக்குத் தன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகிறாராம். அவவும் குசினிக்குள் கேட்டதுக்கு மட்டும் சொல்லுவாவாக்கும்.

பாக்டரிக்காரி வேறு லைனுக்கு மாறினா. வழியில் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவா. பிறகு வேலையை விட்டுவிட்டா. மகன் அஜக்ஸில் புது வீடு வாங்கிவிட்டான் என்றார்கள்.

போன மாதம் பாக்டரிச் சாப்பாட்டு மேசையில் ஒருத்தி சொன்னாள், அவனுக்குக் கலியாணம் முடிந்து எட்டு மாதமாம். பெண் வவுனியாவாம்.

"ஆர் பேசினது?" என்று கேட்டேன்.

"வேறை ஆர், உங்கடை அவர்தான். பெட்டையின்ரை தகப்பனுக்கு நல்ல சந்தோசமாம். ஒளிவு மறைவு இல்லாத மனுசன் எண்டு."

சோற்றை மூடி வைத்தேன். அவள் அவனுடைய புது வீட்டுக் குடிபூரலுக்குப் போனவள். விலாசத்தைக் கேட்டு வாங்கினேன்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். பஸ் எடுத்து, றெயில் எடுத்து, திரும்ப ஒரு பஸ் எடுத்து அஜக்ஸுக்குப் போனேன். முதல் நாள் கொட்டிய ஸ்னோ றோட்டு ஓரமெல்லாம் குவிந்து கிடந்தது. அந்த வீட்டு வாசல் சுத்தமாக வழித்து உப்பும் போட்டிருந்தது. மணியை அடித்தேன்.

தாய்தான் திறந்தா. நல்லாக மெலிந்துபோயிருந்தா. என்னைக் கண்டதும் கதவைச் சாத்தப் போனா. பாதியில் நிறுத்தினா.

"என்ன வேணும்?"

"உங்கடை மருமோளைப் பாக்கவேணும்."

அவ அசையவில்லை. குளிர் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஹீற்றர் போட்ட வீட்டில் ஒருத்தரும் கதவை அவ்வளவு நேரம் திறந்து வைக்கமாட்டார்கள். அவ எனக்குப் பின்னால் றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தா.

"அவன் நாலு மணிக்கு வந்திடுவான்" என்றா.

அப்போது ஒரு மணி.

உள்ளே திரும்பிக் கூப்பிட்டா. "பிள்ளை, இஞ்சை வாம்மா. உன்னைக் காண ஆள் வந்திருக்கு."

பிறகு கோட்டை எடுத்துப் போட்டா. தொப்பியைப் போட்டா. கதவுக்குப் பின்னால் நின்ற சவளை எடுத்தா.

"ஸ்னோ தள்ளப் போறன்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு என்னைத் தாண்டி வெளியே போனா. கதவை வெளியால் இழுத்துச் சாத்தினா.

அந்தப் பிள்ளை மாடிப்படியில் இறங்கி வந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு இருக்கும். வீட்டுக்குள்ளும் கழுத்து மறைக்கிற சுவெற்றர்.

"இருங்கோ அன்ரி. ரீ போடட்டோ?"

"வேண்டாம். நீர் இரும்."

"நீங்கள் ஆரெண்டு..."

"உம்மடை கலியாணம் பேசினவரின்ரை மனுசி."

அவள் முகம் மாறியது. மரியாதை வந்தது. "அப்பா எப்பவும் சொல்லுவார். அங்கிள் பொய்யே சொல்லாதவராம்."

"ஓம்" என்றேன்.

அவள் கதிரையின் நுனியில் இருந்தாள். யன்னல் கண்ணாடிக்கு அங்கால் அவளின் மாமி வாசலின் தொங்கலில் றோட்டைப் பார்த்தபடி நிற்பது தெரிந்தது.

"பிள்ளை, இந்த வீட்டிலை என்ன நடக்குது எண்டு நான் உம்மைக் கேக்க வரேல்லை. எனக்குத் தெரியும். உம்மடை அப்பாவுக்கு ஒரு விசயம் சொல்லாமல் விட்டவை. அதைச் சொல்ல வந்தனான். பிறகு என்ரை விலாசத்தைச் சொல்லுவன். என்ரை வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்குது. நீர் ஒண்டும் கதைக்கவேண்டாம். சும்மா இருந்து கேளும்."

அவள் சுவெற்றரின் கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். நான் பாக்டரியில் கை கழுவுகிற இடத்திலிருந்து தொடங்கினேன். வெளியே வெறும் சீமெந்தில் சவள் உரசிக்கொண்டே இருந்தது.